எண்ணெய் போகல

பெயிண்டரைச் சும்மா யாரும் கூப்பிட மாட்டார்கள். விற்கப்போகிறவன் கூப்பிடுவான், இல்லையென்றால் எதையாவது மறைக்கப் பார்க்கிறவன் கூப்பிடுவான். முப்பது வருஷமாக இயந்திரங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன், எனக்குத் தெரியாதா. அதனால் லேத்துக்காரர் ஆள் விட்டு, லேத்தைச் சுரண்டிப் புதிதாக அடிக்க வேண்டும் என்று சொன்னபோது, நான் முதலில் கூலியைக் கேட்கவில்லை. யாருக்கு விற்கிறார் என்றுதான் கேட்டேன்.

அவருடையது முன்னால் பட்டறை, பின்னால் வீடு. நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவில் எப்போதும் ஒரு பழைய போர்வை தொங்கும், இரும்புத் தூள் வீட்டுக்குள் போகாமல் இருக்க. ஒரு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு சாணைக்கல், அவ்வளவுதான் பட்டறை. லேத்துக்காரருக்கு இடுப்பு போய்விட்டது. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. நான் போனபோது ஸ்டூலில் உட்கார்ந்து, லேத்தின் பிடிச்சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு வியாபாரி பாக்க வர்றான். அதுக்குள்ள முடிச்சிடுவியா?"

"இன்னைக்குப் புதன். சுரண்டி, குழியெல்லாம் பட்டி வச்சு அடச்சு, அடியில ரெட் ஆக்சைடு குடுத்து, மேல ரெண்டு கோட்டு. மழை வரலன்னா முடியும்ணே."

"வந்தா?"

"வந்தா காயாது. தொட்டுப் பாக்குறவன் விரல்ல உங்க லேத்து ஒட்டிக்கிட்டுப் போகும்."

அவர் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "இன்னொண்ணு. என் தம்பி வருவான். உள்ள விடாத."

"உங்க தம்பிய நான் எப்படிண்ணே வெளிய நிறுத்துறது?"

"பெயிண்ட் உரிக்கிற மருந்து நாத்தம்னு சொல்லு. கண்ணு எரியும்னு சொல்லு. பெயிண்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதா என்ன?"

அவர் தம்பியை எங்கள் பக்கத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதினொண்ணு என்றுதான் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன், டீக்கடையில் நாலு பேர் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அது ஒன்பது வருஷக் கதை. லேத்துக்காரர் மனைவிக்குத் திடீரென்று வயிற்றில் ஆபரேஷன் என்று ஆனது. அவளை அழைத்துக்கொண்டு அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் அங்கேயே இருந்தார். அதுவரை லேத்துக்குக் காலையில் எண்ணெய் விடுவது அவர் மட்டும்தான், தம்பியை எண்ணெய்க் கேனைத் தொடவிட மாட்டார். போகிற அவசரத்தில், எல்லாத் துளைக்கும் விடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எட்டாம் நாள் லேத்தின் தலை எரிந்துவிட்டது. தலை என்றால் வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றுகிற பகுதி. தண்டு, அதைத் தாங்குகிற புஷ்ஷைக் கடித்து நின்றுவிட்டது.

தம்பி பயந்துபோய் ஃபிட்டரைக் கூட்டிவந்து பிரித்தான். அந்த ஃபிட்டர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். பிரித்துப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போகல" என்றார். புது புஷ் போட்டு, தலைக்கு மேலே புதிதாக ஒரு எண்ணெய்க் கிண்ணமும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் திரும்பி வந்ததும் கேட்டார். எல்லாத் துளைக்கும் விட்டேன், பதினொண்ணுக்கும் விட்டேன் என்றான் தம்பி. லேத்துக்குப் பன்னிரண்டு துளைடா என்றார் அண்ணன். தம்பி சத்தியம் பண்ணினான். துளையைக் காட்டலாம் என்றால், தலைக்குப் பின்னால் சுவரோரமாக இருந்த அந்தப் பன்னிரண்டாவது துளை இப்போது இல்லை. கிண்ணம் வைத்த ஃபிட்டர் அதைத் தூர்த்துவிட்டார் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். அப்படி ஒரு துளையே இருந்ததில்லை, தன்மேல் பழி போட அண்ணன் கதை கட்டுகிறார் என்று தம்பி நினைத்தான். எண்ணெய் விட மறந்தவனைக்கூட மன்னிப்பேன், சத்தியம் பண்ணுகிற பொய்யனைப் பட்டறையில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அண்ணன் தெருவில் நின்று சொன்னார். அன்றைக்கு வெளியே போனவன்தான். இரண்டு தெரு தள்ளி வேறொருவர் பட்டறையில் வேலை செய்கிறான்.

இப்போது இடுப்பு போன அண்ணன் லேத்தை விற்கிறார். தம்பிக்கு அந்த லேத்து வேண்டும், ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அவன் கைக்குப் போகக் கூடாது என்பதில் மனுஷன் இரும்பாக இருந்தார்.

புதன் முழுக்க மருந்து பூசிச் சுரண்டினேன். பெயிண்ட் உரிக்கிற மருந்தைப் பூசிப் பத்து நிமிஷம் விட்டால் தோல் சுருங்குவதுபோல் சுருங்கி எழும். அதன் அடியில் சுரண்டியைக் கொடுத்துத் தள்ள வேண்டும். மேலே சாம்பல் நிறம், அது ஒன்பது வருஷம் முன்னால் நானே அடித்தது. அதற்கடியில் பச்சை. அதற்கும் அடியில் ஏதோ கறுப்பு. நான் அடித்ததை நானே சுரண்ட எனக்கே கூலி, இந்தப் பிழைப்பு வேறு யாருக்குக் கிடைக்கும்.

லேத்துக்காரர் ஸ்டூலை விட்டு நகரவில்லை. நான் பின்பக்கம் போனால் அவர் கழுத்தும் பின்பக்கம் வந்தது. சாவிகளை இரண்டு தரம் எண்ணினார். வெளியே சைக்கிள் சத்தம் கேட்டால் காதைத் தீட்டிக்கொண்டார். நான் எதையோ கழற்றித் தம்பிக்குக் கொடுத்துவிடுவேன் என்று நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. எரிச்சலாக இருந்தது.

பதினொரு மணிக்கு அவர் மனைவி போர்வையை விலக்கி டீ கொண்டுவந்தாள். அவர் அந்தப் பக்கம் கை கழுவப் போன நேரம் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"பெயிண்டரண்ணே, அந்த வியாபாரி எங்கருந்து வர்றான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்க வீட்டுக்காரரக் கேளுங்க."

"கேட்டா, தம்பிக்குச் சொல்லத்தான் கேக்குறியாங்கறார். ஒரு வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு உளவாளி மாதிரி இருக்கேன்."

நல்ல பெண்தான். ஆனால் அவள் அப்படிக் கேட்டதும், இவள் எதற்கு என்னை இழுக்கிறாள் என்று எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பட்டறைக்குள் நுழைந்தவனுக்கு இருமலைப்போல அது ஒட்டிக்கொள்ளும். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை வானம் மூடிக்கொண்டது. காற்றில்லை, மருந்து நெடி மண்டைக்குள் ஏறியது. வியாபாரி சுற்றிப் பார்க்க வேண்டும் என்று லேத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தி வைத்திருந்தார்கள். அதனால் தலையின் பின்பக்கத்தை முதல் தடவையாக என் கண்ணால் பார்த்தேன். போன தடவை சந்தில் கையை விட்டுத் தடவித் தடவித்தான் அடித்தேன்.

சாம்பல் உரிந்தது. அடியில் வட்டமாக ஒரு பட்டி. சுண்டுவிரல் நகம் அளவுதான். வார்ப்பு இரும்பில் காற்றுக் குழிகள் இருக்கும், அம்மைத் தழும்புபோல. அவற்றில் பட்டியை அழுத்தி மட்டமாக்குவதுதான் எங்கள் வேலை. இதுவும் அப்படி ஒன்று என்று சுரண்டி முனையால் கிளறினேன். குழிக்கு அடி இருக்கும். இதற்கு அடி வரவில்லை. ஒரு கம்பியை விட்டேன். ஒரு விரல் போனது, இரண்டு விரல் போனது, அப்புறமும் போனது. கம்பியோடு வெளியே வந்தது லேசான செம்மண் நிறத் தூள். பட்டியில் ஒரு சிட்டிகை ரெட் ஆக்சைடு கலப்பவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான்.

கை நின்றுவிட்டது.

பட்டி பார்ப்பதற்கு முன்னால் எண்ணெய்த் துளைகளில் தீக்குச்சி செருகுவோம், அடைபடாமல் இருக்க. பெயிண்ட் காய்ந்ததும் பிடுங்கிவிடுவோம். அன்றைக்கு நான் செருகியது பதினொன்று. பிடுங்கி அந்தத் தம்பியின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்து, "பதினொண்ணு தொளை, எல்லாம் தெறந்தாச்சு, எண்ணிக்க" என்று சொன்னது நான். மறுநாள்தான் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவனுடைய பதினொன்று நான் கொடுத்த பதினொன்று. பன்னிரண்டாவதைக் காற்றுக் குழி என்று நினைத்துக் கட்டைவிரலால் மூடியவனும் நான்தான்.

அதோடு முடிந்ததா. லேத்துக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு, தம்பியைத் துரத்துவதற்கு முன்னால், என்னைத் தெருவில் பார்த்துக் கேட்டதும் ஞாபகம் வந்தது. நான் ஏணிமேல் நின்று ஒரு கடைக்கு ஷட்டர் அடித்துக்கொண்டிருந்தேன். "தொளை எல்லாம் தெறந்து வச்சியா?" என்று கீழே இருந்து கேட்டார். "அதெல்லாம் ஒண்ணு விடாம தெறந்தாச்சுண்ணே" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். எதற்குக் கேட்கிறார் என்று நினைக்கவில்லை. என் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தூளைச் சுத்தமாக ஊதி எடுத்தேன், தரையில் கிடந்ததைத் துடைத்தேன், டப்பாவிலிருந்து புதுப் பட்டியை எடுத்துத் துளையை மறுபடி அடைத்தேன். பயந்துவிட்டேன். முப்பது வருஷ வேலை, பேர், எல்லாம் அந்தச் சுண்டுவிரல் நகம் அளவுத் துளைக்குள் போய்விடும் என்று பயந்தேன். நல்லவேளையாக லேத்துக்காரர் அப்போதுதான் இடுப்பு வலி என்று உள்ளே போயிருந்தார்.

"என்னண்ணே, பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?" போர்வைக்குப் பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"மருந்து நெடிம்மா. தலைய சுத்துது."

"அப்ப வெளிய போய்க் காத்தாட நில்லுங்க" என்றாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள்.

வெளியே போனால் அங்கே தம்பி. சாப்பாட்டு நேரம்போல, சைக்கிளை விளக்குக் கம்பத்தில் சாய்த்து நின்றிருந்தான். நாற்பது வயசு இருக்கும், தாடியில் நரை விழுந்திருந்தது.

"உள்ள மருந்து நாத்தம் தம்பி" என்றேன்.

"தெரியும். நான் உள்ள வரல." என்னை உற்றுப் பார்த்தான். "பெயிண்டரண்ணே, நிஜத்தச் சொல்லுங்க. எதையாவது மூடச் சொன்னாரா? விரிசல், ஒட்டு, ஏதாச்சும்?"

"இல்ல."

"அப்புறம் ஏன் நான் லேத்தப் பாக்கக் கூடாதுங்கறார்?"

"அது எனக்குத் தெரியாது."

அவன் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே பேசினான். "ஒண்ணு சொல்லட்டா. இப்ப வேல பாக்குற எடத்துல ஒரு நாளைக்கு மூணு தடவ எண்ணெய் விடறேன். எண்ணி எண்ணி விடறேன். பசங்க சிரிக்கிறாங்க. வீட்டுக்குப் போனா கதவப் பூட்டினேனான்னு நாலு தடவ பாக்குறேன். முன்னல்லாம் அவர் பொய் சொல்றார்னு கோவம் இருந்துச்சு. இப்பக் கோவம் இல்ல. ஒருவேள நான்தான் ஒண்ண விட்டுட்டு, விட்டது தெரியாமலே சத்தியம் பண்ணிட்டேனோன்னு தோணுது. அப்படியும் ஒரு ஆளு இருப்பானாண்ணே, தான் பொய் சொல்றது தனக்கே தெரியாம?"

விரலில் ஒட்டியிருந்த பட்டியைத் துணியில் துடைத்தேன். அவன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாகப் போயிருக்கும்.  அவன் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் லேத்துக்காரர் ஸ்டூலில் உட்காரும்வரை காத்திருந்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். காற்றுக் குழி, தீக்குச்சி, ஏணிமேல் நின்று சொன்ன பதில், நேற்றைக்குத் தோண்டியது, திரும்ப மூடியது, ஒன்றையும் விடவில்லை.  முடிந்ததும் லேத்தைப் பிடித்தபடி பின்பக்கம் வந்து, அந்த இடத்தில் நகத்தால் அழுத்தினார். நகம் உள்ளே போனது.

"இது நேத்து வச்ச பட்டி. ஈரம்கூடக் காயல."

"நேத்துதாண்ணே வச்சேன். அதத்தான சொல்றேன்."

"பழைய பட்டி எங்க?"

"ஊதிட்டேன்."

"தூள்?"

"தொடச்சிட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஃபிட்டர் தூர்த்தத நேத்து நீ தோண்டியிருக்க. தோண்டிட்டு, அடச்சது நான்னு இன்னைக்கு வந்து நிக்கிற. ஃபிட்டர் செத்து நாலு வருஷமாச்சு, யாரும் கேக்க முடியாது. அவன் என்ன தர்றேன்னான் உனக்கு?"

"யாரு?"

"எவனுக்கு லேத்து வேணுமோ அவன். நேத்து மத்தியானம் விளக்குக் கம்பத்துகிட்ட ரெண்டு பேரும் பேசல?"

"பேசினோம். ஆனா அவனுக்கு இது எதுவும் தெரியாதுண்ணே."

"அன்னைக்கு ஏணிமேல நின்னு என்ன சொன்ன?"

"எல்லாம் தெறந்தாச்சுன்னேன்."

"இப்ப?"

"ஒண்ண மூடிட்டேங்கறேன்."

"ரெண்டும் ஒரே வாய்தான? நான் எத நம்பறது?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. யோசிக்காமல் சொன்ன பொய்யை அப்படியே நம்பித் தம்பியைத் துரத்திய மனுஷன், வெட்கத்தை விட்டுச் சொல்கிற நிஜத்தை நம்ப மாட்டேன் என்கிறார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. அத்தாட்சியை என் கையாலேயே துடைத்துவிட்டேனே.

போர்வை விலகியது. அவர் மனைவி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்க போற?" என்றார்.

"வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

அவள் திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. நான் பட்டியை மறுபடி தோண்டி எடுத்துத் துளையைத் திறந்து வைத்தேன். தூறல் விழ ஆரம்பித்தது. அவளோடு தம்பி வந்தபோது அவன் கையில் இன்னும் இரும்புத் தூள் ஒட்டியிருந்தது; வழியிலேயே அண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஒன்பது வருஷம் கழித்து உள்ளே வருகிறவன் முதலில் லேத்தைப் பார்த்தான், அப்புறம்தான் அண்ணனைப் பார்த்தான். பின்பக்கம் போய்க் குனிந்து துளையின் வாயில் விரலை வைத்தான். வெகு நேரம் அந்த விரலை எடுக்கவே இல்லை.

எழுந்து என்னிடம் கேட்டான். "இதச் சொல்லச் சொன்னது யாரு? அண்ணனா? லேத்த வேற ஆளுக்குக் குடுக்கப் போறார், இவன் மனசாவது ஆறட்டும்னு சொன்னாரா?"

"பாத்தியா" என்றார் லேத்துக்காரர் என்னிடம். "அவனே நம்பல."

"தம்பி, தீக்குச்சி உன் கையில வச்சேனே" என்றேன்.  "பிடுங்கி ஒண்ணொண்ணா வச்சு எண்ணிக் காட்டினேனே. அது ஞாபகம் இல்லையா?"

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "இருக்கு" என்றான். விரல்களை மடக்கி, "அதத்தான அண்ணன்கிட்ட சொன்னேன்" என்றான்.

"எங்கிட்ட தீக்குச்சியப் பத்தி எப்படா சொன்ன?" என்றார் லேத்துக்காரர்.

"பதினொண்ணுன்னு சொன்னேன். அது எப்படிடா உனக்குப் பதினொண்ணு ஆச்சுன்னு நீ கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ என்ன விட்டுட்டுப் போய் இவரக் கேட்டிருக்க."

"நான் எத வச்சுடா நம்பறது? இப்ப மட்டும் என்ன அத்தாட்சி இருக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே. அன்னைக்கும் என் வார்த்த மட்டும்தான் இருந்துச்சு. இன்னைக்கும் அதுதான் இருக்கு."

அவர் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "கூடப் பொறந்தவன நம்பக் கையெழுத்துப் போட்ட சீட்டு வேணுமாங்க?" என்றாள். 

தம்பி கையைத் துணியில் துடைத்தான். லேத்து வேண்டும் என்று கேட்கவில்லை. வேலை பாதியில் நிற்கிறது என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு நடந்தான். வாசல்வரை போய்விட்டான். லேத்துக்காரர் பிடிச்சக்கரத்தை விட்டுவிட்டு, எதையும் பிடிக்காமல் நின்றிருந்தார். 

"டேய்."

அவன் நின்றான். திரும்பவில்லை.

"ஞாயித்துக்கிழம யாரும் வரல. வியாபாரிகிட்ட நான் சொல்லிடறேன். நீ நாளைக்குக் காலையில வந்து எண்ணெய் விடு."

தம்பி தலையை ஆட்டினானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மழையில் இறங்கிப் போய்விட்டான். லேத்துக்காரர் அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் சத்தம் போடாமல் என் சாமான்களை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ரெட் ஆக்சைடு டப்பாவோடு போனால், லேத்துக்குப் பக்கத்தில் வேறொரு பெயிண்டர் குந்தியிருக்கிறான். துளைகளில் தீக்குச்சி செருகிக்கொண்டிருந்தான். தம்பி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தான். லேத்துக்காரர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவர் மனைவிதான் என் சுரண்டிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றாள்.

தெருமுனைவரை பொருமிக்கொண்டே நடந்தேன். நிஜத்தைச் சொன்னதற்கு எனக்கு இதுவா என்று இருந்தது. டீக்கடை வாசலில் டப்பாவை இறக்கி வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் தம்பிக்காகப் பொய் சொன்னேன் என்று இன்னும் நினைத்திருந்தால், அவர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு வேலையை முடிக்கச் சொல்லியிருப்பார். பெயிண்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதா என்று கேட்டவர்தானே, பொய் சொல்கிற பெயிண்டரை அவர் வேலையை விட்டு நிறுத்த மாட்டார். துளையை மூடுகிற பெயிண்டரைத்தான் நிறுத்துவார். மனுஷன் என்னை நம்பிவிட்டார்.